யார் ஜெயித்தார் என்பது இருக்கட்டும், யார் துரத்தவில்லை? சைக்கிள் பந்தய அதிர்ச்சிகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

2025 மார்ச் 1, சனிக்கிழமை. பெல்ஜியத்தில் ஓம்லோப் ஹெட் நியூஸ்பிளாட் என்ற ஒருநாள் பந்தயத்தின் பெண்கள் பிரிவு. ஆரம்பத்திலேயே ஐந்து பேர் கூட்டத்தை விட்டு முன்னால் போய்விட்டார்கள். பெரிய பெயர் எதுவும் அதில் இல்லை. போனால் போகட்டும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். இடைவெளி 10 நிமிடத்தைத் தாண்டியது. வலுவான அணிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வந்தன. கடைசியில் நினோவே ஊரின் முடிவுக்கோட்டுக்கு அந்த ஐவரில் மிஞ்சிய இருவர் மட்டும் சேர்ந்து வந்தார்கள். பெல்ஜியத்தின் லோட்டே கிளாஸ் முதலிடம், போலந்தின் அவுரெலா நெர்லோ இரண்டாமிடம். 2023இல் பெண்கள் டூர் டி பிரான்ஸை வென்ற டெமி ஃபோலரிங், சில நிமிடங்கள் கழித்து வந்து மூன்றாமிடம்.

அன்றைக்கு முதல்முறையாக சைக்கிள் பந்தயம் பார்த்த எவரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி: "யாருங்க இந்த லோட்டே கிளாஸ்?"

தப்பில்லாத கேள்விதான். ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதல் கேள்வி, "மற்றவர்கள் ஏன் துரத்தவில்லை?" இந்த வரிசையை மாற்றிக் கேட்பதால்தான் புதிதாக வருபவர்கள் சீசன் தொடக்கத்தில் குழம்பிப்போகிறார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை எதிர்பாராத பெயர்கள் மேடையேறிக்கொண்டே இருக்கும். அவற்றை எப்படிப் பார்ப்பது, நண்பர்களோடு எப்படிப் பேசுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: நாட்காட்டியைப் பிடியுங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டூர் டவுன் அண்டர் தொடங்கிவிடும். அங்கே அப்போது கோடை. இந்திய நேரத்தைவிட ஐந்து மணி நேரம் முன்னால் இருப்பதால், நமக்குக் காலைக் காபியோடு பார்க்க வசதியான பந்தயம் இது.

பிப்ரவரியில் பந்தயங்கள் சிதறிக் கிடக்கும். ஒரே வாரத்தில் ஓமானிலும் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், வேலைக்காகாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் நடக்கும் யுஏஇ டூரையும், போர்ச்சுகலின் வோல்டா ஆவ் அல்கார்வையும் மட்டும் குறித்துக்கொண்டால் போதும். பிப்ரவரி கடைசியை ஒட்டி வரும் சனி, ஞாயிறு பெல்ஜியத்தில் திருவிழா: சனிக்கிழமை ஓம்லோப், ஞாயிறு கூர்ன–பிரஸ்ஸல்ஸ்–கூர்ன. மார்ச்சில் இத்தாலியின் வெள்ளை மண் சாலைகளில் ஸ்ட்ராடே பியாங்கே, எட்டு நாள் பாரிஸ்–நீஸ், ஏழு நாள் திரெனோ–அட்ரியாட்டிகோ. பிறகு 300 கிலோமீட்டரை ஒட்டி நீளும் மிலான்–சான் ரெமோ. இந்தக் கட்டுரைக்கு அதுவே எல்லை.

ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் நம் நேரப்படி இரவு எட்டு, ஒன்பது மணிவாக்கில் முடியும். வேலையிலிருந்து வந்து மறுஒளிபரப்பு பார்க்கும் நண்பர் இருந்தால், அவர் பார்த்து முடிக்கும்வரை முடிவைச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வெற்றியாளரின் படத்தைப் போடுவதும் சொல்வதற்குச் சமம்தான்.

இரண்டாம் படி: காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த விளையாட்டின் முழுக் கணக்கும் காற்றில்தான் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும் சைக்கிளுக்குச் சமதரையில் பெரிய எதிரி காற்றுத் தடை. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால், அவர் காற்றைக் கிழிக்க, உங்களுக்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெருங்கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் மிச்சம். அந்தப் பெருங்கூட்டத்துக்கு பெலோட்டான் என்று பெயர். அதிலிருந்து பிய்த்துக்கொண்டு முன்னால் ஓடுகிற சிறு குழு பிரேக்அவே.

பேருந்துக்குப் பின்னால் டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆக, ஐந்து பேர் முன்னால் ஓடினால் காற்றை அந்த ஐவரே பங்குபோட வேண்டும். பின்னால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனம் வைத்தால் பிடித்துவிடலாம். இதற்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. பிரான்ஸின் முன்னாள் வீரரும் பின்னாளில் தொலைக்காட்சி வர்ணனையாளருமான ரோபேர் ஷாபாத்தின் பெயரில் வழங்குவது: துரத்தும் பெலோட்டான் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வீதம் இடைவெளியைக் குறைக்கும். 50 கிலோமீட்டர் மிச்சம், இடைவெளி 3 நிமிடம் என்றால் முன்னால் இருப்பவர் பிடிபடுவார். அதே 50 கிலோமீட்டருக்கு 8 நிமிடம் இருந்தால், பின்னால் இருப்பவர்கள் வியர்க்க வேண்டும்.

இது விதி இல்லை, கைக்கணக்கு. காற்று எதிர்த்து அடித்தால் மாறும், ஏற்றம் வந்தால் மாறும். இருந்தாலும் திரையில் இடைவெளி எண் தெரியும்போதெல்லாம் மனசுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பந்தயத்துக்குள் கை பழகிவிடும். வர்ணனையாளர் பதறுவதற்கு முன்பே நீங்கள் பதறத் தொடங்குவீர்கள். அந்தப் பதற்றத்துக்காகத்தான் இதைப் பார்ப்பதே.

"மனம் வைத்தால்" என்றேனே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் படி: பூனைக்கு மணி கட்ட வேண்டியவர் யார் என்று பாருங்கள்

பெலோட்டான் ஒரே உயிரினம் போலத் தெரியும். ஆனால் அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன, ஆண்கள் ஓம்லோப் போன்ற பந்தயத்தில் அணிக்கு ஏழு பேர். முன்னால் வந்து காற்றை வாங்கித் துரத்துகிற அணி தன் ஆட்களை எரிக்கிறது. பின்னால் சும்மா உட்கார்ந்து வரும் அணி மிச்சம் பிடிக்கிறது. அதனால் ஒவ்வொருவரும் "நீ இழு, நீ இழு" என்று காத்திருப்பார்கள். எல்லோரும் காத்திருந்தால் முன்னால் போனவர் ஜெயிப்பார். கிளாஸ் ஜெயித்தது இப்படித்தான்.

இதில் ஒரு நுணுக்கம். 2021 டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் பந்தயத்தில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் முன்னால் போய் ஜெயித்ததையே பலர் இதற்கு ஒப்பிடுகிறார்கள். அன்று இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன், தானே தங்கம் வென்றதாக நினைத்துக் கையைத் தூக்கிவிட்டார். ஒலிம்பிக்கில் அணியோடு பேசக் காதில் ரேடியோ கிடையாது. முன்னால் இன்னொருவர் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. ஓம்லோப்பில் ரேடியோ உண்டு. இடைவெளி எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் விட்டார்கள். முன்னது தகவல் பிழை, பின்னது பேரம் படியாமல் போனது. என் பார்வையில் இரண்டாவதுதான் சுவாரசியமானது. தெரியாமல் தோற்றவரிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, தெரிந்தே தோற்ற அணிகளைப் பற்றி ஒரு வாரம் பேசலாம்.

இதற்கு நேர்மாறான ஒரு பாடமும் அதே பந்தயத்தில் இருக்கிறது. 2015, ஆண்கள் ஓம்லோப். கடைசியில் நான்கு பேர் முன்னால். மூவர் ஒரே அணி: எட்டிக்ஸ்–குயிக்ஸ்டெப்பின் டாம் பூனன், நிக்கி டெர்ப்ஸ்ட்ரா, ஸ்டெய்ன் வாண்டன்பெர்க். நான்காவது ஸ்கை அணியின் இயன் ஸ்டானர்ட், தனியாள். மூன்று பேருக்கு எதிராக ஒருவர். இதைத் தோற்கவே முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மூவர் ஒரே அணியென்றால், முன்னால் வந்து இழுக்க வேண்டிய பொறுப்பும் அவர்களுடையது. ஸ்டானர்ட்டுக்கு உழைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பின்னால் உட்கார்ந்து வந்தார். கடைசிக் கிலோமீட்டர்களில் பூனன் பாய்ந்தார், ஸ்டானர்ட் பிடித்தார். டெர்ப்ஸ்ட்ரா பாய்ந்தார், அதையும் பிடித்தார். பிறகு தானே ஒரு பாய்ச்சல் பாய்ந்து, ஒட்டிக்கொண்டு வந்த டெர்ப்ஸ்ட்ராவைக் கோட்டில் முந்தினார்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஒரே ஊரே இரண்டுபட்டது. மூவரில் யாருக்காக ஓட்டுவது என்பது கடைசிவரை தெளிவாகத் தெரியவில்லை. பெல்ஜிய ரசிகர்கள் இன்றைக்கும் அந்த நாளை எடுத்து அலசுவார்கள். ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். முந்தின ஆண்டு, 2014இல் இதே பந்தயத்தை வென்றவரும் ஸ்டானர்ட்தான். அவரை ஏமாளி என்று நினைத்திருந்தால் அது நினைத்தவர்களின் பிழை.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. 2021 மிலான்–சான் ரெமோ. வூட் ஃபான் ஆர்ட், மாத்யூ ஃபான் டெர் பூல், ஜூலியன் அலஃபிலிப் மூவரும் உச்சத்தில் இருந்த காலம். போஜ்ஜியோ என்ற கடைசிக் குன்றைத் தாண்டி இறங்கி, முடிவுக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் இருக்கையில் யாஸ்பர் ஸ்டாய்வன் பாய்ந்தார். பெரிய மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் துரத்தினாலும் மற்ற இருவருக்கு இலவச சவாரி. அந்தத் தயக்கம் போதும், ஸ்டாய்வன் கோட்டைத் தொட்டுவிட்டார். வலிமையானவர்கள் அதிகமாக இருந்தால் அவர்களில் ஒருவர்தான் ஜெயிப்பார் என்பதில்லை. பல நேரம் அதனாலேயே யாரும் ஜெயிப்பதில்லை.

இனிமேல் ஓர் அதிர்ச்சி முடிவு வந்தால், மறுஒளிபரப்பில் கடைசி 20 கிலோமீட்டரைப் போட்டு, வெற்றியாளரைப் பார்க்காதீர்கள். பின்னால் இருக்கும் கூட்டத்தின் முன்வரிசையைப் பாருங்கள். எந்தச் சட்டை நிறம் இழுக்கிறது, எது ஒளிந்துகொள்கிறது, யார் முழங்கையை அசைத்து "வா முன்னாடி" என்று சைகை செய்கிறார், யார் அதைப் பார்க்காதது போல் வருகிறார். கதை அங்கேதான் நடக்கிறது.

நான்காம் படி: வந்தவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள்?

பந்தயத்துக்கு முன்பே வெளியாகும் வீரர் பட்டியலை ஒருமுறை பாருங்கள். புரோசைக்கிளிங்ஸ்டாட்ஸ், ஃபர்ஸ்ட்சைக்கிளிங் போன்ற தளங்களில் கிடைக்கும். பெயரை அழுத்தினால் அவருடைய பழைய முடிவுகளும் வரும்.

ஒருவர் பெயர் பட்டியலில் இருப்பதும், அவர் ஜெயிக்க வந்திருப்பதும் வேறு வேறு. ஜூலையில் டூர் டி பிரான்ஸை குறிவைப்பவருக்கு பிப்ரவரிப் பந்தயம் கிட்டத்தட்டப் பயிற்சிதான். சிலர் பந்தயத்துக்கே வராமல் கேனரித் தீவுகளின் டெய்டே மலைமேல் முகாம் போட்டிருப்பார்கள். மறுபக்கம், ஆஸ்திரேலியர்களுக்கு ஜனவரிதான் வீட்டுத் திருவிழா. தேசியப் போட்டியும் அந்த மாதத்தில், டவுன் அண்டரும் அந்த மாதத்தில். சைமன் ஜெரன்ஸ் அந்தப் பந்தயத்தை நான்கு முறை வென்றார். ரிச்சி போர்ட் அதே பந்தயத்தில் வரும் வில்லங்கா குன்றின் மேல் 2014 முதல் 2019 வரை ஆறு ஆண்டு தொடர்ந்து முதலாவதாக வந்தார். குளிர்கால ஓய்விலிருந்து அப்போதுதான் எழுந்து வந்த ஐரோப்பியர்கள் அவர் முதுகைப் பார்த்தபடி ஏறினார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும். 2020இல் ஏழாவது முறைக்காக போர்ட் ஏறினார். பிரேக்அவேயில் மிஞ்சியவர்களை மேலே எட்டிப் பிடித்தும் விட்டார். ஆனால் அவர்களில் ஒருவரான மாத்யூ ஹோம்ஸ் என்ற ஆங்கிலேயர் விடாமல் ஒட்டிக்கொண்டு, உச்சியில் அவரைத் தாண்டிவிட்டார். ஹோம்ஸுக்கு அது உச்சநிலை அணியில் முதல் சீசன், முதல் பந்தயம். எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்க்கும் மொத்தப் பந்தயத்தை வென்றது போர்ட்தான் என்பதால், அன்று இரண்டு பேர் வீட்டிலும் கொண்டாட்டம்.

இன்னொரு காரணம், புள்ளிகள். உச்சநிலையான வேர்ல்ட் டூரில் பதினெட்டு அணிகளுக்குத்தான் இடம். மூன்றாண்டுப் புள்ளிக் கணக்கில் பின்தங்கினால் அணி கீழே இறங்க நேரிடும். பிரான்ஸின் ஒரு சின்னப் பந்தயத்தில் பிப்ரவரியில் கிடைக்கும் புள்ளியும் கணக்கில் சேரும். அதனால் பெரிய அணிகள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் சின்ன அணிகள் முழுக் கூர்மையோடு வந்து நிற்கும். பந்தயத்தின் பெயரோடு வரும் குறியீட்டைப் பாருங்கள். 1 என்று தொடங்கினால் ஒருநாள், 2 என்று தொடங்கினால் பலநாள். அந்த எண்ணை அடுத்துள்ள தசமப் புள்ளிக்குப் பின்னால் புரோ, 1, 2 என்று தரம் இறங்கிக்கொண்டே போகும். 2.1 பந்தயத்தில் நடந்த அதிர்ச்சியையும் வேர்ல்ட் டூரில் நடந்ததையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: இப்போது கேளுங்கள், இவர் யார்?

பெரும்பாலும் கிடைக்கும் பதில், "உங்களுக்குத்தான் புதியவர்."

2013 மிலான்–சான் ரெமோவில் பனி கொட்டி, பந்தயத்தை நடுவில் நிறுத்தி, வீரர்களைப் பேருந்தில் ஏற்றி மலையைக் கடக்கவைத்து, மறுபடி ஓட்டவிட்டார்கள். அந்தக் கூத்தின் முடிவில் பீட்டர் சாகனையும் ஃபாபியன் கான்செல்லாராவையும் முந்தி ஜெயித்தவர் ஜெரால்ட் சியோலெக். சிறப்பு அழைப்பில் வந்த எம்டிஎன்–குபேக்கா என்ற தென்னாப்பிரிக்க அணிக்காரர். உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் அவர் 2005இல், 18 வயதில் ஜெர்மன் தேசிய சாம்பியன். 2006இல் 23 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன். திறமை மறைந்து கிடந்ததே தவிர, வானத்திலிருந்து விழவில்லை.

2024 யுஏஇ டூர் இன்னும் நல்ல உதாரணம். கடைசி நாள், ஜெபல் ஹஃபீத் மலைமேல் பெல்ஜியத்தின் லென்னர்ட் ஃபான் ஈட்வெல்ட் பாய்ந்து, நாளையும் வென்று, மொத்தப் பந்தயத்திலும் பென் ஓ'கானரை 2 வினாடி வித்தியாசத்தில் முந்தி முதலிடத்தைப் பறித்தார். யார் இவர் என்றார்கள். ஜனவரியில் மயோர்காவில் ஒரு மலைப் பந்தயத்தை அவர் ஏற்கெனவே வென்றிருந்தார். 2022இல், இத்தாலியைச் சுற்றும் ஜிரோ பந்தயத்தின் இளைஞர் பிரிவில் இரண்டாமிடம். பழைய முடிவுகளை ஒரு நிமிடம் புரட்டியிருந்தால் அதிர்ச்சியில் பாதி குறைந்திருக்கும். (அதே ஆண்டு, ஸ்பெயினைச் சுற்றும் வுவெல்டா பந்தயத்தில் ஒரு மலை உச்சியில், கோட்டுக்கு முன்பே கையைத் தூக்கி, ப்ரிமோஷ் ரோக்லிச்சிடம் அந்த நாளைப் பறிகொடுத்தவரும் இவர்தான். இளரத்தம்.)

கிளாஸ் ஜெயித்த அதே 2025 சனிக்கிழமை, ஆண்கள் பந்தயத்திலும் ஓர் அதிர்ச்சி. உனோ–எக்ஸ் அணியின் நார்வே வீரர் சோரன் வாரன்ஷோல்ட், கடைசி ஸ்பிரின்டில், அதாவது கோட்டை நோக்கிய முழுவேகப் பாய்ச்சலில், யாஸ்பர் பிலிப்சனை முந்தினார். அவரும் 2022இல் 23 வயதுக்குட்பட்டோர் டைம் டிரயல் (கடிகாரத்தை எதிர்த்துத் தனித்தனியாக ஓட்டும் போட்டி) உலக சாம்பியன். ஒரே நாள், இரண்டு அதிர்ச்சி, இரண்டுக்கும் வேறு வேறு காரணம். ஒன்றில் துரத்தல் தோற்றது. மற்றதில் துரத்தலில் குறையில்லை, எல்லோரும் சேர்ந்து வந்த இடத்தில் இவர் கால் வேகமாக இருந்தது. இரண்டையும் "சின்ன அணி ஜெயித்தது" என்று ஒரே மூட்டையில் கட்டினால் ஒன்றும் புரியாது.

எங்கிருந்து வந்தார்கள் என்பதும் மாறிவருகிறது. 2023 டவுன் அண்டரை வென்ற ஜே வைன், வீட்டுக்குள் சைக்கிள் மிதித்துத் திரையில் போட்டியிடும் ஸ்விஃப்ட் செயலியின் தேர்வுப் போட்டி வழியாகத் தொழில்முறைக்கு வந்தவர்.

ஆறாம் படி: கணக்கில் வராத முடிவுகளைப் பிரித்து வையுங்கள்

சில அதிர்ச்சிகள் பந்தயமே இல்லை. 2025 அல்கார்வ் பந்தயத்தின் முதல் நாள், லாகோஸ் ஊரில், முடிவுக்கு முன் ஒரு ரவுண்டானாவில் ஸ்பிரின்ட் வீரர்கள் உட்பட கூட்டத்தின் பெரும்பகுதி தவறான பக்கம் திரும்பி, தடுப்புக்கு அந்தப் புறம் போய்விட்டது. சரியான பக்கம் வந்த சிலரில் ஃபிலிப்போ கன்னா முதலில் கோட்டைக் கடந்தார். அந்த நாளின் முடிவையே ரத்து செய்துவிட்டார்கள். அதே மாதம் பிரான்ஸின் எதுவால் து பெஸேஜில் பந்தயப் பாதைக்குள் வாகனங்கள் நுழைந்ததால் பல பெரிய அணிகள் பாதியில் கிளம்பிப் போய்விட்டன. பாக்கி இருந்தவர்களில் கெவின் வோக்லான் ஜெயித்தார். அவர் திறமைசாலிதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த வாரத்து வரிசைப் பட்டியலைக் காட்டி யாராவது வாதம் செய்தால், எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள் என்று கேளுங்கள்.

எனக்குப் பிடித்தது 2019 பெண்கள் ஓம்லோப். ஸ்விட்சர்லாந்தின் நிக்கோல் ஹன்செல்மன் தனியாக முன்னால் ஓட்டிக்கொண்டு போய், முன்பே கிளம்பியிருந்த ஆண்கள் பந்தயத்தின் வாகன வரிசையை எட்டிவிட்டார். ஆண்களுக்கு இடைஞ்சல் என்று அவரையும் பெண்கள் பந்தயத்தையும் சில நிமிடம் நிறுத்திவைத்தார்கள். மறுபடி கிளம்பிய பிறகு அவருடைய ஓட்டம் எடுபடவில்லை. சீக்கிரம் போனதற்கு ஒருவருக்குத் தண்டனை கிடைத்த பந்தயம் எனக்குத் தெரிந்து இதுதான்.

சாதனங்களையும் ஒரு கண் பாருங்கள், ரொம்ப வேண்டாம். 2022 சான் ரெமோவில் மாதேய் மொஹோரிச், ஓட்டும்போதே சீட்டைக் கீழே இறக்கும் மலை சைக்கிள் கம்பத்தைப் பொருத்திக்கொண்டு போஜ்ஜியோ இறக்கத்தில் பறந்து ஜெயித்தார். அதைவிட முக்கியம், அந்த இறக்கத்தில் அவருக்கு இருந்த துணிச்சல். கம்பத்தைக் கடையில் வாங்கலாம்.

ஏழாம் படி: நியாயம் பேசும்போது நிதானம்

அதிர்ச்சி முடிவுகளில் சண்டை வருவது யார் வலிமையானவர் என்பதில் குறைவு. யார் செய்தது சரி என்பதில்தான் மழை விட்டும் தூவானம் விடாது.

2021 பாரிஸ்–நீஸ். மொத்தக் கணக்கில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையில் ரோக்லிச், கையில் போதுமான முன்னணி. ஏழாம் நாள் லா கொல்மியான் மலையில், நாள் முழுக்க முன்னால் ஓட்டிவந்த ஜினோ மேடரை, கோட்டுக்குச் சில பத்து மீட்டர் இருக்கும்போது முந்தி, அந்தப் பந்தயத்தில் தன் மூன்றாவது நாள் வெற்றியை எடுத்துக்கொண்டார். தேவையா இது என்று பாதிப் பேர். பந்தயம் என்றால் பந்தயம்தானே என்று மீதிப் பேர். மறுநாள், கடைசி நாள், ரோக்லிச் இரண்டு முறை விழுந்தார். தோள் பட்டையில் அடி, காற்சட்டை கிழிந்து தொங்க, தனியாகத் துரத்தினார். முன்னால் போனவர்கள் நிற்கவில்லை. மாக்ஸ் ஷாக்மன் பந்தயத்தை வென்றார். நேற்று மேடருக்குக் கருணை காட்டியிருந்தால் இன்று யாராவது நின்றிருப்பார்களா?

என் கருத்து: நின்றிருக்க மாட்டார்கள், கடைசி நாளில் யாரும் நிற்பதில்லை. இரண்டையும் முடிச்சுப் போடுவது நம் மனசுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் மறுக்கலாம். ஆனால் 2023இல் சுவிட்சர்லாந்துப் பந்தயத்தில் விழுந்து மேடர் இறந்த பிறகு, லா கொல்மியான் படத்தைப் பார்க்கும்போது எனக்கு வாதம் செய்யத் தோன்றுவதில்லை.

ஊக்கமருந்து பற்றியும் ஒரு வார்த்தை. தெரியாத பெயர் ஜெயித்தவுடன் "எதையோ போட்டிருப்பான்" என்று சொல்பவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். இந்த விளையாட்டின் வரலாறு அப்படி. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. சந்தேகம் வருவது இயல்பு, ஆதாரமில்லாமல் ஒரு பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுவது வேறு. முதலில் மூன்றாம் படிக்குப் போய், துரத்தாதவர்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

எட்டாம் படி: ஜோசியம் சொல்வதைத் தள்ளிப்போடுங்கள்

அந்த 2021 மார்ச்சில் ரோக்லிச் கிழிந்த உடையோடு கோட்டைக் கடந்தபோது, "இவர் கதை இத்தோடு சரி, முக்கியமான நாளில் எப்போதும் இப்படித்தான்" என்று நண்பரிடம் அடித்துச் சொன்னேன். டூரிலும் விழுந்து, ஜூலையில் விலகினார். நான் சொன்னேனா இல்லையா என்று மறுபடி செய்தி அனுப்பினேன். அந்த மாதக் கடைசியில் டோக்கியோவில் டைம் டிரயல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். செப்டம்பரில் தொடர்ந்து மூன்றாவது வுவெல்டாவையும் வென்றார். நண்பர் ஒன்றும் எழுதவில்லை. என் பழைய செய்தியை எடுத்து எனக்கே திருப்பி அனுப்பினார்.

பிப்ரவரி முடிவு பிப்ரவரியைப் பற்றிச் சொல்லும். ஜூலையைப் பற்றி எப்போதாவதுதான் சொல்லும். எப்போதாவது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024இல் தாடேய் பொகாச்சார் தன் முதல் பந்தயமாக ஸ்ட்ராடே பியாங்கேக்கு வந்து, 81 கிலோமீட்டர் தனியாக ஓட்டி ஜெயித்தார். பிறகு அதே ஆண்டில் ஜிரோ, டூர், உலக சாம்பியன் பட்டம் மூன்றும் அவருக்கே. ஆனால் அது அதிர்ச்சி இல்லை. அவர் ஜெயிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும், இவ்வளவு தூரத்திலிருந்து கிளம்புவார் என்பது மட்டும்தான் தெரியாது. அதிர்ச்சி வெற்றியாளர்கள் வேறு ரகம். அவர்களில் பலருக்கு அந்த ஒரு நாள்தான் வாழ்க்கையின் பெரிய நாள். "இனி இவர் என்ன செய்வார்" என்று அளந்துகொண்டிருந்தால் அந்த நாளும் கையை விட்டுப் போய்விடும்.

பழகுவதற்கு ஒரு விளையாட்டு

அடுத்த ஓம்லோப்புக்கு இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு வீரர் பட்டியலைப் பார்த்து ஆளுக்கு மூன்று பெயர் எழுதுங்கள்: ஒருவர் ஜெயிப்பார் என்று நீங்கள் நினைப்பவர், ஒருவர் இதுவரை கேள்விப்படாதவர், மூன்றாவது ஓர் அணியின் பெயர், "துரத்த வேண்டிய கட்டாயம் இவர்களுக்குத்தான்" என்று. பந்தயத்தில் 30 கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது இடைவெளியைப் பார்த்து, ஷாபாத் கணக்கைப் போட்டு, பிரேக்அவே பிடிபடுமா என்று ஒரு டீக்குப் பந்தயம் கட்டுங்கள். முர் ஃபான் ஹெரார்ட்ஸ்பெர்கன் என்ற கல் பாவிய செங்குத்து ஏற்றம் அதற்குப் பிறகுதான் வரும், அதைத் தாண்டி போஸ்பெர்க், அப்புறம் நினோவே வரை சமதரை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஏற்ற இடம் அந்தச் சமதரைதான்.

நான் போன முறை மூன்று பெயரும் தப்பாக எழுதினேன். டீ மட்டும் கிடைத்தது.